வலைக்கு எதற்கு நல்ல தண்ணீர்?

பத்து நாள் முன்னால் பழவேற்காட்டில் ஒரு அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான்.

என் மைத்துனன் சேகர், கிழிந்த நைலான் வலைகளை உருக்கி மறுபடி நூலாக்குகிற கம்பெனியில் என்ஜினீயர். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு ஷெட் போட்டிருக்கிறார்கள். ஊரார் தரும் பழைய வலைகளை ஐந்து பெண்கள் பிரித்து, அழுத்திக் கட்டி அனுப்புவார்கள். "நீங்கதான் எழுத்தாளராச்சே மாமா, ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க" என்றான். எழுதினேன். 'வலைகளை நன்றாக அலசி, காயவைத்துத் தரவும்.' எவ்வளவு தெளிவு என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அலசினார்கள். காயவைத்தார்கள். முதல் லோடு அப்படியே திரும்பி வந்தது... வலை முழுக்க உப்பு!

உப்போடு உருக்கினால் மெஷின் துருப்பிடிக்குமாம். அடுத்த லோடும் இப்படி வந்தால் ஷெட்டை மூடிவிடுவார்களாம்.

டச்சுக் கல்லறைகளைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, சேகரோடு கிளம்பினேன். ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் நாகம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் நோட்டீஸு? அலசச் சொன்னீங்க, அலசினோம். கடல்ல மூணு வாட்டி முக்கி எடுத்தோமே!"

"கடல்லயா?"

"வலைய வேற எங்க சார் அலசுவாங்க? பாத்ரூம்லயா?"

நியாயம்தானே? பிடித்த மீனைக் கழற்றியதும் வலையைக் கடலில் அலசுவதுதான் அங்கே வழக்கம். 'நல்ல தண்ணீரில்' என்று சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டுக் குழாயைத் திறந்தால் வேறு தண்ணீர் வந்ததில்லை!

"நல்ல தண்ணியில அலசணும்கா" என்றான் சேகர்.

நாகம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "வீட்டுக்கு எட்டு குடம், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அத்தக் கிழிஞ்ச வலைக்கு ஊத்துனா ஊரே அடிக்க வரும்." முட்டியைப் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்தார். "ஷெட்ட மூடிட்டா நான் மறுபடி மீன் கூடை தூக்கணும் சார். முட்டி போயிடுச்சு. பஸ் படியே ஏற முடியல."

எனக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது. தண்ணி லாரிக்காக சேகர் கம்பெனியோடு போனில் மன்றாடிப் பார்த்தான். முடியாது என்றுவிட்டார்கள்.

அப்போது எதிர்வீட்டுப் பெண் ஸ்கூல் யூனிஃபார்ம் அலசிய தண்ணீரை மணலில் கொட்டக் குனிந்தாள்.

"ஏய், கொட்டாத! அப்படியே வை!" நாகம்மா போட்ட சத்தத்தில் நானே நடுங்கிப்போனேன்.

துணியின் கடைசி அலசல் தண்ணீர். அதில் உப்பு கிடையாது, சோப்பும் பெயருக்குத்தான். சேகர் ஒரு வலையை அதில் ரெண்டு முறை அலசி, உப்பு அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, "போதும்கா!" என்று கத்தினான். அன்று சாயங்காலமே ஐந்து பெண்களும் அந்தத் தண்ணீரைச் சேர்க்க வீடு வீடாக டிரம் வைத்துவிட்டார்கள்.

ரெண்டாவது லோடு நேற்று பாஸ். நாகம்மாவுக்கு வேலை இருக்கிறது!

இன்னொரு கூத்து பாருங்கள். கம்பெனி ஃபாரத்தில் ஒரு கட்டம் — வலை அலச எத்தனை லிட்டர் நல்ல தண்ணீர் செலவானது? சேகர் போனில் கேட்டதற்கு நாகம்மா சொன்ன பதில்: "வலைக்குன்னு ஒரு சொட்டு எடுக்கல. அப்படியே எழுது சார்."

பூஜ்யம் போட்டு அனுப்பினான். உடனே மேலதிகாரியிடமிருந்து போன். "பூஜ்யமா? ஒழுங்கா விசாரிச்சு எழுதுப்பா!"

சேகர் திருத்த மாட்டேன் என்றுவிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், மைத்துனனை நினைத்து நான் பெருமைப்பட்டது இதுதான் முதல் தடவை.