பூட்டிய கண்ணாடிக்குள் மஞ்சள் வேட்டி

பேய், பிசாசு, அதிசயம் எதையும் நம்பாதவன் நான். முருகனைக் கும்பிடுவேன், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது துணி. திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிறேன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் இருப்பது ஜெர்மன் மெஷின். சென்னையில் மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து முதலாளி வாங்கி வந்தது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு. தண்ணீரைத் தானே கொதிக்கக் கொதிக்கச் சுடவைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கதவு பூட்டிக்கொள்ளும், கரண்ட்டைப் பிடுங்கினாலும் திறக்காது. மேலே இருந்த எழுத்து யாருக்கும் புரியவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். குமிழை எத்தனை 'டக்' திருப்பினால் என்ன செய்யும் என்று காதாலேயே படித்தேன். இது கைக்கு வந்தால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன், மஞ்சள் வேட்டியும் வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்தேன். மெஷின் பத்தே நாளில் கைக்கு வந்துவிட்டது. காவடிதான் மூன்று வருடமாக எடுக்கவில்லை. ஊரே காவடி எடுக்கிற நாளில் லாட்ஜ்காரனுக்கு ஏது லீவு?

போன ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள், நல்ல பகல். பன்னிரண்டு வெள்ளை பெட்ஷீட். ஒவ்வொன்றையும் உதறித்தான் போடுவேன், வருகிறவர்கள் மடிப்பில் குங்குமப் பொட்டலத்தை விட்டுவிடுவார்கள். உதறினேன், போட்டேன், சாத்தினேன். கால் மணி கழித்துப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவில் ஒரு மஞ்சள் வேட்டி சுற்றுகிறது.

மேனேஜரும் பார்த்துவிட்டார்.

"யோவ் ஏழுமல, இன்னாயா போட்டுக்கிற?"

"பெட்ஷீட்டு மட்டுந்தான் சார்."

"அப்போ அது இன்னா, முருகரு வேட்டியா? சாயங்காலம் ரூம் பூரா ஆளு வருது. ஒரு ஷீட்டு மஞ்சளாச்சி, நீ வூட்டுக்குப் போயிகினே இரு."

பிளக்கைப் பிடுங்கினார். கதவை இழுத்தார்.

"தொறக்காது சார். இழுத்தா பூட்டு ஒடையும். வுடுங்க, ஓடட்டும்."

"அவ்ளோ தெரியுமா உனக்கு?"

"ஆங், தெரியும்."

நானே பிளக்கைச் செருகினேன். இரண்டு பேரும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. தண்ணீர் வடிந்தது, வேகமாகச் சுற்றிப் பிழிந்தது, நின்றது, பூட்டு விட்டது.

பன்னிரண்டு ஷீட். உப்பு மாதிரி வெள்ளை. வேட்டி இல்லை.

மேனேஜர் உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"நாளைக்கு லீவு வேணும் சார். காவடி."

"போயா, போ."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்தான் இருந்தது. வேட்டி நான் வைத்த மடிப்பிலேயே இருந்தது, ஈரமில்லை. விரித்தேன். முழுக்க வரிசை வரிசையாகச் சின்ன வட்டப் புள்ளிகள். மெஷின் உருளையில் இருக்கிற ஓட்டைகளின் அச்சு அது. முழு வேகத்தில் பிழிந்தால்தான் விழும். அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அதையே கட்டிக்கொண்டு மறுநாள் படியேறினேன். மெஷினை இன்றைக்கும் நான்தான் ஓட்டுகிறேன், இன்னொருவன் கை வைத்ததில்லை.

அந்த வேட்டியைக் கையால் நாலு தடவை அலசிவிட்டேன், இஸ்திரியும் போட்டுவிட்டேன். புள்ளி போகவில்லை.