குளிரோடு வெளிக்கிடுதல்

1986 சனவரி பதினெட்டு, சனிக்கிழமை காலை. ரொறன்ரோவின் வோபர்னில் ஓர் அப்பாட்மென்றின் ஏழாம் மாடியிலிருந்து நாகேஸ்வரியக்கா பனியை நிறுக்கப் புறப்பட்டார். அயல் வீடுகளின் உடுப்பெல்லாம் அவர் மேல் இருந்தது. இரண்டு பருத்திப் பெனியன், அதன்மேல் பருத்திச் சட்டை, யாருடையதோ ஆண்பிள்ளைச் சுவெற்றர், முழங்காலைத் தாண்டும் தடித்த கோட். சப்பாத்துக்குள் மூன்று சோடிக் காலுறை திணித்திருந்தார். பக்கத்து வீட்டுக் குணவதி அன்ரி தன் சால்வையையும் கழுத்தில் சுற்றிவிட்டார்.

"கரடி கண்டாலும் பயந்து ஓடும். போட்டு வா பிள்ளை."

இவ்வளவும் வேண்டாம் என்று அதே மாடியில் இருந்த நான் முதல்நாளே சொல்லியிருந்தேன். என் சொல் எடுபடவில்லை. நடுங்கிப் பழகிய சனத்திடம் உடுப்பைக் குறை என்றால் யார் கேட்பார்கள்?

ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மேடுகளில், பனி விழும் மாரி முழுவதும் குறித்த இடங்களுக்கு ஸ்கீயில் போய், பனிக்குள் குழாயை இறக்கி, அதில் ஏறும் பனியை நிறுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் பனியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால், வசந்தத்தில் ஆறு எவ்வளவு பெருகும் என்று சொல்லலாம். நோர்வேயிலும் நேபாளத்திலும் அலைந்துவிட்டு வந்து இரண்டு மாரிகளாக நான் அந்த வேலையைச் செய்தேன். மார்ச்சில் தென்னமெரிக்கா போக முடிவெடுத்ததால் என் இடம் காலியாக இருந்தது.

நாகேஸ்வரியக்கா மட்டக்களப்பில் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்தவர். மிகுந்த நீரைத் திறந்துவிடும் வான்கதவடியில் நின்று குளத்தின் நீர்மட்டம் பார்ப்பதும் அவர் வேலைதான். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டவர்களிடம், "அப்ப குளத்துக்கு ஆரு காவல்?" என்பாராம். எண்பத்து நாலில் இங்கே வந்தபின் கட்டடங்களில் கூட்டித் துடைத்தார். என் வேலையைப் பற்றிக் கேட்ட அன்றே அது தனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். பின்பக்கப் பூங்காவில் என் ஸ்கீயை மாட்டி, விழுந்து விழுந்து பழகினார்.

அந்தச் சனிக்கிழமை பரீட்சை. எங்களுக்கு மேலாளர் பேர்ணடெற். முதல் ஏற்றத்திலேயே அக்காவின் முகத்தில் வியர்வை வழிந்தது. முதல் இடத்தில் குழாயை இறக்கி நின்றபோது அந்த வியர்வை முழுவதும் பருத்திக்குள் குளிர்ந்தது. இரண்டாவது இடத்தில் அவருடைய பற்கள் அடித்துக்கொண்டன. மூன்று காலுறை இறுக்கியதில் இரத்தம் ஓடாமல் கால்விரல்கள் மரத்துவிட்டன. பேர்ணடெற் பாதி வழியில் எல்லோரையும் திருப்பினாள். இந்த வேலையில் நடப்பது பெரிதல்ல, அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும் என்று காரில் சொன்னாள். வேறு ஆளைப் பார்க்கப் போவதாகவும் சொன்னாள்.

அக்கா பின்சீற்றிலிருந்து என்னிடம் சொன்னார்: "இன்னொரு தரம் வாறன் எண்டு சொல்லு. அப்பயும் நடுங்கினா அவ சொல்லத் தேவையில்ல. நானே போயிருவன்."

மொழிபெயர்த்தேன். பெப்ரவரிக் கடைசிச் சுற்றுக்கு வரலாம் என்றாள் பேர்ணடெற்.

அதன்பிறகு அக்கா யாருடைய உடுப்பையும் வாங்கவில்லை. ஒரு பழைய பருத்திப் பெனியனையும் ஒரு பழைய கம்பளிச் சுவெற்றரையும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். ஒன்றைப் போட்டுக்கொண்டு பல்கனியில் நின்றார். உடம்பு மறுபடி சூடேறியபின் மற்றதைப் போட்டுக்கொண்டு நின்றார். குணவதி அன்ரி தன் பல்கனியிலிருந்து பார்த்துவிட்டு, உவளுக்கு ஏதோ பிடிச்சிட்டுது, நூல் கட்டவேணும் என்று மாடி முழுக்கச் சொன்னார்.

"நனைஞ்சாலும் கம்பளி கைவிடாது கா," என்று உள்ளே வந்து தன் மட்டக்களப்புப் பேச்சில் என்னிடம் சொன்னார் அக்கா. "பருத்தி ஊருக்கு நல்லம். வேர்வையக் குடிச்சிற்று உடம்போட ஒட்டிக்கிட்டே கிடக்கும், இஞ்ச அதுதான் சனியன்."

பழைய உடுப்புக் கடைகளில் ஏறி இறங்கினோம். ஓர் இராணுவக் கம்பளிக் காற்சட்டை கிடைத்தது, இடுப்பை அவரே பிடித்துத் தைத்தார். புதிதாக வாங்கியது, வியர்வையை வெளியே தள்ளும் செயற்கை நூல் உள்ளாடை ஒன்றுதான். காற்றுப் புகாத மெல்லிய நைலோன் மேற்சட்டை, விரல்களெல்லாம் ஒன்றாகக் கிடக்கும் கையுறை, ஒரு அளவு பெரிய சப்பாத்து. மெல்லிய காலுறை ஒன்று, அதன்மேல் கம்பளி ஒன்று. உள்ளே விரலை ஆட்ட முடியாவிட்டால் அந்தச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏழு மாடியும் படியால் ஓடி ஏறி, பல்கனியில் அசையாமல் நிற்பார். முதுகு ஈரமானால் அடுத்த நாள் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓடுவார்.

பெப்ரவரி கடைசியில், முன்னையதைவிடக் கடுமையான குளிரில் வெளிக்கிட்டோம். பழைய உடுப்புக் கடையில் வாங்கிய தடித்த கோட்டை அக்கா மடித்து முதுகுப் பைக்குள் வைத்ததைக் கண்டு குணவதி அன்ரி கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"சாகப் போறியோடி? உந்தக் கோட்டைப் போடு."

"அங்க போய்ப் போடுவன் அன்ரி. குளிரோட வெளிக்கிட்டாத்தான் கடைசிவரை நிக்கலாம்."

"ஆரடி உதைச் சொன்னது?"

"பல்கனி."

கார் நிறுத்திய இடத்தில் அவர் வெளிப்படையாகவே நடுங்கினார். பேர்ணடெற் என்னைப் பார்த்தாள், நான் ஸ்கீயை மாட்டினேன். ஏற்றத்தில் நடுக்கம் போனது. ஒவ்வொரு இடத்திலும் குழாயைத் தொடுமுன்னரே பையைத் திறந்து கோட்டைப் போட்டுக்கொண்டார், புறப்படும்போது கழற்றினார். கடைசி மேட்டில் காற்று முகத்தை அறுத்தது. பேர்ணடெற் வேண்டுமென்றே தாமதித்தாள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிறுக்கச் சொன்னாள். அக்கா நிறுத்தார், வாசித்தார், தன் கையாலேயே எழுதினார். எழுத்து கோணவில்லை.

திரும்பும் வழியில், கந்தோரில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள் பேர்ணடெற். அந்தப் பதில் வருமுன் நான் விமானம் ஏறிவிட்டேன். பெரு, பொலிவியா என்று முகவரி இல்லாமல் திரிந்தேன். அக்காவுக்கு வேலை கிடைத்ததா என்று தெரியாமலே இரண்டு வருடம் போனது.

எண்பத்தெட்டு மார்ச் முடிவில் ரொறன்ரோவுக்குத் திரும்பி, சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் தங்கினேன். ஒருநாள் மாலை ரெலிபோன் மெசினில் அந்தக் குரல் பதிவாகியிருந்தது.

"நாகேஸ்வரி கதைக்கிறன். நீ வந்திற்றாயாம், குணவதி அன்ரி சொன்னா. இஞ்ச பார் கா, நாளையிலிருந்து ஆத்தோரத்து றோட்டால கார் கொண்டு போகாத. மேல பனி கனக்கக் கிடக்கு, நேத்து நிறுத்துப் பாத்தன், மழையும் வரப்போகுது. றேடியோவில நாளைக்குத்தான் சொல்லுவாங்க. நான் இண்டைக்கே சொல்லுறன்."