நூற்றைந்து சதவீதம்

எங்கள் அறிவியல் காட்சிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் படம் வரைந்தவரை எல்லோரும் பென்சில் என்றே கூப்பிட்டோம். காதில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். அது கைக்கு வந்தால் வேலை, காதிலேயே இருந்தால் அரட்டை. வயதில் பெரியவர் என்பதால் நான் ‘அண்ணே’ என்பேன். வானியல் பிரிவு என் பொறுப்பில் இருந்ததால் அவர் என்னை ‘மேடம்’ என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அதற்கும் பங்கு உண்டு.

அம்மா இறந்தபோது அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. அக்காதான் வளர்த்தாள். அவர் தரையில் தாளை விரித்து வரைவார். சுருண்டுகொள்ளும் ஓரத்தைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு அக்கா துணி மடிப்பாளாம். “கால் மரத்துப்போச்சுடா, சீக்கிரம் முடி” என்று திட்டுவாளே தவிர, காலை எடுக்க மாட்டாளாம். இங்கே அவர் மேசையில் அந்த வேலைக்கு நான்கு இரும்பு வில்லைகள் இருந்தன. “இந்த நாலும் சேர்ந்தாலும் எங்க அக்கா கட்டைவிரலுக்கு ஈடாகாது மேடம்” என்பார்.

அக்கா வீடு அதே ஊரில்தான், பஸ்ஸில் அரை மணி நேரம். முப்பது வருடமாக இரண்டு பேருமே வீடு மாறவில்லை. சண்டை சச்சரவும் கிடையாது. முதலில் ஞாயிறு தவறாமல் போய்வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு கல்யாணம் காட்சி என்றால் மட்டும். கடைசியில் அதுவும் போனோடு நின்றது.

போன வருடம் விரியும் பிரபஞ்சம் பற்றி ஒரு காட்சி வைத்தோம். கண்ணாடி போன்ற இரண்டு தாள்கள். முதல் தாளில் இருநூற்றுப் பதினாறு விண்மீன் திரள்கள், குட்டிக் குட்டிச் சுழிகளாக. இரண்டாவதிலும் அதே திரள்கள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடையிலுள்ள தூரம் ஐந்து சதவீதம் அதிகம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஏதாவது ஒரு சுழியை மட்டும் சரியாகப் பொருத்த வேண்டும். அது அசையாமல் நிற்பது போலவும், மற்றதெல்லாம் அதை விட்டு விலகி ஓடுவது போலவும் தெரியும். வேறொரு சுழியைப் பொருத்தினால் அதுவும் அப்படியே. நடு என்று எதுவும் கிடையாது. தூரங்களையெல்லாம் ஒன்றுபோலப் பெருக்கும் அந்த எண்ணுக்கு அளவுக் காரணி என்று பெயர். இன்றைக்கு அது ஒன்று. அது பாதியாக இருந்த காலத்தில் எல்லாத் தூரமும் இன்றைய தூரத்தில் பாதிதான். யாரும் கிளம்பிப் போகவில்லை, இடையிலிருக்கும் வெளிதான் வளர்ந்துவிட்டது.

சனிக்கிழமை திறப்பு விழா. செவ்வாய்க்கிழமை இரண்டாவது தாளைக் கொண்டுவந்தார். பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. முதல் தாளை அப்படியே நகல் எந்திரத்தில் போட்டு, நூற்றைந்து சதவீதம் என்று பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

“என்னண்ணே இது? சுழியெல்லாம் சேர்ந்து பெருத்துப்போயிருக்கு!”

“விரியுதுன்னுதானே மேடம் சொன்னீங்க?”

“எல்லாமே பெருத்தா, எதுவுமே மாறலன்னுதானே அர்த்தம்? நடுவுல இருக்கற தூரம்தான் விரியணும். திரளுக்குள்ள இருக்கறது ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்கறது விரியாதுண்ணே.”

அவர் காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்தார். பிறகு, “பிடிச்சிருக்கறது விரியாது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். பெரிதான நகலை அடியில் வைத்து, ஒவ்வொரு சுழியின் மையத்திலும் பழைய அளவிலேயே கையால் வரைய ஆரம்பித்தார்.

புதன்கிழமை காலை வந்தார். பென்சில் காதில் இருந்தது.

“நாளைக்கு அரை நாள் லீவு வேணும் மேடம். அக்காவுக்கு உடம்பு முடியலயாம். அவ பொண்ணு போன் பண்ணுச்சு. ‘மாமா, அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க’ன்னு.”

“முடிச்சுட்டுப் போங்கண்ணே. அரை மணி நேரத்துல இருக்கற வீடு, எங்க ஓடிடப் போகுது?”

அவர் தலையை ஆட்டினார். இரண்டு நாளும் இரவு எட்டு மணிவரை வரைந்தார். அதற்குள் அக்கா மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவாளாம், எழுப்ப மனம் வரவில்லை என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், நூற்றுத் தொண்ணூறாவது சுழியில் இருந்தபோது போன் வந்தது. “எப்போ?” என்று மட்டும் கேட்டார். மேசையில் நான்கு வில்லைகளும் தாளைப் பிடித்தபடி இருக்க, அவர் எழுந்து போனார்.

சனிக்கிழமை அந்தத் தப்பான நகலை வைத்தே விழாவை நடத்தினேன். பெரிய மனிதர்கள் வந்து பார்த்தார்கள், கைதட்டினார்கள். சுழிகள் பெருத்திருப்பதை ஒரே ஒருவர்கூடக் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு என் மேலேயே எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

பத்து நாள் கழித்து வந்தவரிடம், “என்னை மன்னிச்சிடுங்கண்ணே” என்றேன்.

“நீங்க மூணு நாள்தான் மேடம் தள்ளிப்போட்டீங்க. நான் எத்தனை வருஷமா தள்ளிப்போட்டேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

யாரும் கேட்காமலே மிச்சம் இருபத்தாறையும் வரைந்து முடித்தார். தாளைச் சரிபார்த்தபோது, இடது மூலையில் இரண்டு சுழிகள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. முதல் தாளில் அவற்றுக்கிடையே இருந்த தூரம்தான் இதிலும். மயிரிழைகூட விரியவில்லை.

“அந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டிருக்கு மேடம். தப்பில்லையே?”

தப்பில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் திரள்கள் அப்படிப் பிணைந்திருப்பது உண்டு. நான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வருடம் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். தாள் இன்னும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் அந்த மூலையைக் காட்டி, “இது ரெண்டு மட்டும் ஏன் விலகல?” என்று கேட்டுவிடுகிறார். “அது ரெண்டும் விடாம பிடிச்சிருக்குங்க” என்று சொல்லிவிட்டு, அடுத்த காட்சிக்கு அழைத்துப்போகிறேன்.