முத்துசாமி என்று ஒரு தம்பி

பதுளைக் கடைவீதியில் நேற்று ஒருத்தி, கூட்டத்தில் பிரிந்துபோன மகனை "முத்துசாமி, முத்துசாமி" என்று கூவி அழைத்தாள். அரிசிப் பையோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் என் தம்பி பிறந்தபோது எனக்கு எட்டு வயதிருக்கும். அண்ணன்மார் இருவரும் இந்தியாவில் பிறந்தவர்கள். பழனிக்கு நேர்ந்து பெற்றவன் பழனிச்சாமி. ராமேஸ்வரத்தில் தோணிக்குக் காத்திருந்தபோது பிறந்தவன் ராமசாமி. அம்மை முத்து இறங்கி அம்மா பிழைத்த பிறகு பிறந்ததால், இவனுக்கு முத்துசாமி என்றார் அப்பா.

அதைக் கேள்விப்பட்டு, எங்களை வேலை வாங்கும் கங்காணி வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஒம் புள்ளைகள எல்லாம் நான் சாமி சாமின்னு கூப்பிடணுமா? இவனுக்கு முத்தன்னு வை."

"சரிங்க" என்றார் அப்பா.

அன்றிலிருந்து லயமே அவனை முத்தன் என்றது. அம்மா மட்டும் கதவைச் சாத்திவிட்டு, ஈர விறகின் புகைக்குள் அவனை மடியில் போட்டு, முழுப் பெயரையும் காதோடு சொல்வாள்.

நடக்கத் தொடங்கிய வயதில் வயிற்றுப்போக்கு அவனைக் கொண்டுபோனது. துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தோம்.

"முத்தனத் தூக்குங்கப்பா, மழ வருது" என்றார் கங்காணி.

அம்மா பிள்ளையை விடவில்லை. "முத்துசாமிங்க. எம் புள்ள பேரு முத்துசாமிங்க."

அப்பாதான் அவள் கையை விலக்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், அம்மாவுக்கு வேலை கிடையாது என்று கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார். அவள் வந்து கதவை அகலத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். மாலைவரை அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.