சூட்டைப் பார்த்த வீரய்யா

பண்டாரவளையில் என் கடைக்கு ஞாயிறு தவறாமல் வந்தவர் வீரய்யா ஒருவர்தான். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்படி வேலை. பெண்சாதி வேலாயி செத்த பிறகு ஒரே மகனும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட, தோட்டம் கொடுத்த ஒற்றை அறையில், லயத்துக் காம்பராவில், தனிக்கட்டை. முஸ்லிம் கடைக்காரன் என்பதால் என்னை ‘நானா’, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லி என்னைப் பேப்பர் வாசிக்கச் சொல்வார். எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டுதான் வாசிப்பேன், என் குணம் அப்படி.

எண்பத்து நான்கில் ஒரு ஞாயிறு, விஞ்ஞானப் பகுதியில் ஒரு செய்தி. பிறந்து அதிக காலமாகாத இரட்டை நட்சத்திரங்களைச் சுற்றித் தூசி தட்டுப்போலப் படர்ந்திருக்கிறதாம். சாதாரணத் தொலைநோக்கிக்கு அது அகப்படாது. நட்சத்திரச் சூட்டில் இளஞ்சூடாகிற தூசி அகச்சிவப்புக் கதிர் விடும். அந்தச் சூட்டைப் பிடிக்கிற கருவியால்தான் கண்டுபிடித்தார்களாம். எனக்குக் கொட்டாவி வந்தது. வீரய்யா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நானும் அப்படித்தாங்க நானா. ரெண்டு வருசமா கண்ணுல எல்லாம் நெழலாத்தான் தெரியுது. மொகத்துல அடிக்கிற சூட்ட வச்சித்தான் அடுப்பப் பாக்கிறேன். வெளிய தெரிஞ்சா வேலையும் போயிரும், காம்பராவும் போயிரும்.”

இரண்டு வருடத்தில் ஒரு பிடி தூள் கருகியதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் கெடுத்தது.

புதன்கிழமை வீரய்யாவின் ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கடைக்கு வந்தார். தேயிலைப் பதம் பார்க்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று அளந்துகொண்டிருந்தார். என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா? கண் தெரியாமலே சூட்டை வைத்துப் பதம் பார்க்கிறவர் உங்களிடமே இருக்கிறாரே என்று, நட்சத்திரக் கதையோடு சேர்த்து விலாவாரியாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்படி வீரய்யாவா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு வீரய்யா வந்தார். வேலை நின்றுவிட்டதாம், மாதக் கடைசியில் காம்பராவை விட வேண்டுமாம். தேத்தண்ணி வைத்தேன். கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினார். என்னோடு வந்து இருங்கள் என்று சொல்ல நினைத்தவன், சொல்லாமல் மேசையைத் துடைத்தேன்.

“ஒங்ககிட்ட மட்டுந்தாங்க சொல்லியிருந்தேன்” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவுநிலையைத் தடவிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வரவேயில்லை.

இப்போதும் ஞாயிறு பேப்பர் வாங்குகிறேன். வாசித்துக் காட்ட ஆளில்லை.