பன்னிரண்டு பேர் பாரம்

எங்கள் வண்டியின் உயரத்தை அப்பா இறக்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. ஸ்டைலுக்காக இறக்குகிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்தேன்.

பழைய பிக்கப் வண்டி. மண்டியில் உப்புப் போட்ட மாட்டுத்தோலை ஏற்றி, பதனிடுவதற்கு ஆம்பூர் டேனரிகளுக்குக் கொண்டுபோவது அப்பாவின் தொழில். தோல் ஒன்று இருபது கிலோ இருக்கும். ஒருவர் கீழே நின்று தூக்கித் தரவேண்டும். ஒருவர் மேலே நின்று வாங்கி, சரியாமல் அடுக்கவேண்டும். கீழே நின்றது சித்தப்பா. ஷூ கம்பெனி பஸ் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்ததும் அவர் அதில் ஏறி அங்கே வேலைக்குப் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் அம்மா நின்றாள்.

அம்மா குள்ளம். வண்டித் தட்டு அவளுக்கு விலா உயரம் வரும்.

ஒருநாள் தோல் தூக்கும்போது அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வயிற்றுவலி என்று என்னிடம் சொன்னார்கள். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஒரு பன்கூட வாங்கி வரவில்லை என்று இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

அடுத்த வாரம் அப்பா எங்களைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு போட்டார்.

“தட்டு இங்க வரணும் பாய்” என்றார்.

பட்டறை பாய் கோட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். “அரைச் சாண். இறக்கறது பெரிய வேலை இல்லண்ணா. ஷாஃப்ட்டுதான் பேஜாரு.”

கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்து அச்சுக்குப் போகிற நீள இரும்புக் குழாய்தான் ஷாஃப்ட். பாய் இரண்டு கையையும் நீட்டி விளக்கினார். “வண்டி எறங்குனா அச்சு மேல ஏறிடும். நடுவுல எடம் கம்மியாய்டும். ஷாஃப்ட்ட வெட்டணும். கம்மியா வெட்டுனா லோடுல போய் கியர்பாக்ஸ குத்தும். ஜாஸ்தி வெட்டுனா காலி வண்டில கழண்டு உழுந்துடும். லோடு வெச்சிதான் அளக்கணும். ஒரு டன்னு ஏத்திக்கினு வா.”

“ஏத்தறதுக்கு ஆளு இருந்தா நான் ஏன் பாய் இங்க வர்றேன்?”



சாயங்காலம் கம்பெனி பஸ் பட்டறை எதிரில் நின்றது. ஷிப்ட் முடிந்த பெண்கள் டிபன் பையோடு இறங்கினார்கள். அப்பா யாரிடமும் போய்ப் பேசுகிற ஆள் இல்லை. அன்று ரோட்டைத் தாண்டிப் போனார்.

“கொஞ்சம் வண்டில ஏறி உக்காருங்கம்மா. ஒரு அளவு எடுக்கணும்.”

“இன்னாண்ணா, எங்கள தோலுன்னு நெனச்சியா?”

“தோலுதாண்டி. எவனும் வாங்காத தோலு.”

“பாய், உப்பு கிப்பு போட்டுடாத. வீட்ல தேடுவாங்க.”

“இவள நடுவுல உக்கார வைங்க. இவ ஒருத்தியே மூணு தோலு.”

சிரித்துக்கொண்டே பன்னிரண்டு பேர் ஏறினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். வண்டி அமுங்கியது. ஒரு அக்கா அம்மாவைப் பார்த்துக் கைநீட்டி, “நீயும் வாக்கா” என்றாள்.

“அவ வேணாம்” என்றார் அப்பா.

சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

பாய் வண்டிக்கு அடியில் படுத்து அளந்தார். கையை மட்டும் வெளியே நீட்டி, கிரீஸ் துடைக்கத் துணி கேட்டார். அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த மூட்டையைப் பிரித்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். வெள்ளைத் துணி, கைக்குட்டையைவிடப் பெரியது. பாய் தலையை வெளியே நீட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது... ஓரமெல்லாம் தெச்சிருக்குதேண்ணா.”

“தொடை பாய்.”

அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பன்னெண்டு பேரு, அறுநூறு கிலோன்னு வெச்சி ரெண்டு வெரக்கடை வெட்றேன்” என்றார் பாய். “முப்பது தோலுக்கு மேல ஒன்னு ஏத்தாத.”

“ஏத்தமாட்டேன்.”

ஏற்றவும் இல்லை. இருபது நாள் வண்டி நன்றாக ஓடியது. அம்மா தோலை நெஞ்சுக்குத் தூக்காமல், இடுப்பில் தாங்கி அப்படியே தட்டில் தள்ளினாள். வீட்டில் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள்.

பிறகு மழை பிடித்தது. பள்ளிக்கூடம் லீவு. நானும் மண்டிக்குப் போனேன். கூரை ஒழுகி, தோலெல்லாம் நனைந்து கிடந்தது. அப்பா சத்தமாக எண்ணித்தான் ஏற்றினார். சரியாக முப்பது. தோல் குடித்த தண்ணீரை அவர் எண்ணவில்லை.

முன்சீட்டில் நாங்கள் மூன்று பேரும் போனோம். மாதனூர் பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி எழுந்தது. அடியில் சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். அதோடு வண்டி நின்றுவிட்டது. கீழே எண்ணெய் கொட்டி மழைத்தண்ணீரில் பரவியது.

அப்பா போன் செய்ததும் பாய் வந்தார். குனிந்து பார்த்தார். “குத்திடுச்சி. கியர்பாக்ஸ் ஒடஞ்சி போச்சி. எத்தினி தோலு?”

“முப்பது.”

பாய் ஒரு தோலைக் கையால் அமுக்கினார். தண்ணீர் ஒழுகியது. அப்பா அதைப் பார்த்தார்.

வாடகைக்கு வந்த டெம்போவில் தட்டு அம்மாவின் நெஞ்சுக்கு மேலே இருந்தது. அப்பா அம்மாவை ரோட்டோரம் உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகத் தூக்கிப் பார்த்தார். நனைந்த தோல் ஒரு ஆளின் கையில் நிற்காது. முதல் தோல் நழுவிச் சேற்றில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. டெம்போக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து வந்து கீழே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

நான் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினேன். முப்பது வந்ததும் கைதட்டினேன்.

வண்டி பழைய இரும்புக்குப் போனது. அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குப் போனார். அம்மாவுக்கு அதற்குப் பிறகு பிள்ளை நிற்கவில்லை. நான் ஒருத்திதான்.

போன வருஷம் எனக்கு ஏழாம் மாசம். பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்தேன். நூல் பிரிந்து பிள்ளைக்குக் குத்தும் என்று ஓரம் தைக்க உட்கார்ந்தேன். நாலு துணி தைத்தேன். ஐந்தாவது துணியில் கை நின்றுவிட்டது.

கிரீஸ் துடைக்கிற துணிக்கு யாரும் ஓரம் தைக்கமாட்டார்கள்.