ஏரிக்கரைக் குடிலில் எழுதிய பெயர்கள்

என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை, வீதியில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும்வரை நிற்கிற மனிதர். எண்பதுகளின் நடுவில், வட ஜேர்மனியில் ஒரு அகதி விடுதி. அவருடைய பயத்தை வைத்து நான் செய்யாத பகிடி இல்லை.

ஆனால் பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அன்ட்ராக் என்று நாங்கள் சொல்லும் அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது என்பது சட்டம். பிடிபட்டால் விண்ணப்பம் கெட்டுவிடும் என்று விடுதியில் எல்லோரும் சொன்னார்கள்.

எனக்குப் பொறுமை கிடையாது. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. மாதக்கணக்கில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எரிச்சல் தலைக்கேறியிருந்தது. பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் ஏரியோடு ஒரு பூங்கா இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டதும், ஐப்பசி மாத ஞாயிறு ஒன்றில், பின்னேரம் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

பூங்கா என்றால் ஊஞ்சலும் ஐஸ்கிரீம் கடையும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு மண்ணும் இல்லை. தட்டையான புல்வெளி, சதுப்பு, ஆளுயர நாணல், அதற்குள்ளே பலகை பாவிய ஒரு நடைபாதை. எங்கள் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பாதை ஒரு வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் அடுத்த மாவட்டத்தின் பெயர்ப்பலகை நின்றது. அதற்கு அப்பால், தண்ணீர் ஓரமாக, ஏரியைப் பார்ப்பதற்கென்று கட்டிய சின்ன மரக் குடில்.

அண்ணை நின்றுவிட்டார்.

“எனக்கு ஏலாது, தம்பி. என்ர அன்ட்ராக் கிடக்கு.”

“இந்தச் சேத்துக்குள்ள ஆரண்ணை உங்களைப் பிடிக்கிறது? வாத்தே வந்து பிடிக்கப் போகுது? வாங்கோ.”

கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். குடிலின் கதவைத் திறந்தால் உள்ளே பச்சைச் சீருடையில் ஒருவர் இருந்தார். கழுத்தில் தொலைநோக்கி, மடியில் கொப்பி. அந்த நாட்டில் அப்போது பொலிஸ்காரரின் உடுப்பும் பச்சைதான். என் வாய்வீரம் எந்தப் பக்கம் ஓடியதென்று தெரியவில்லை. அண்ணை அகதி அட்டையை எடுத்து நீட்டினார்.

அந்த மனிதர் அட்டையைப் பார்க்கவே இல்லை. உதட்டில் விரலை வைத்தார். தான் இருந்த வாங்குப் பலகையில் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார். பிறகு யன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டினார்.

முதலில் சத்தம்தான் வந்தது. அதன் பின்னால் காட்டு வாத்துகள், கோடு கோடாக, வரிசைக்குப் பின் வரிசையாக. இதோடு முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொரு வரிசை வந்தது. தலைக்கு மேலே வந்ததும் சிறகை மடக்கி, சருகு மாதிரிப் புரண்டு புரண்டு ஏரியில் இறங்கின. கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தெரியவில்லை. குடிலின் பலகை அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏன் என்று தெரியாமல் கண்ணும் கலங்கியது. இவ்வளவு உயிர்கள் ஒருவரையும் கேட்காமல் ஓரிடத்துக்கு வந்து சேரலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அவர் பொலிஸ் இல்லை, பறவைகளை எண்ணுகிறவர் என்பது கொப்பியில் போட்ட கோடுகளைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தொலைநோக்கியைக் கழற்றி அண்ணையிடம் கொடுத்தார். அண்ணை அதை வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் எழும்பினோம். கதவருகே ஒரு பார்வையாளர் புத்தகம் இருந்தது, வந்துபோகிறவர்கள் பெயரும் திகதியும் எழுதுவதற்கு. சீருடைக்காரர் சிரித்துக்கொண்டு பேனையை நீட்டினார். எல்லை தாண்டியதற்கு நாங்களே எழுதிக் கொடுக்கிற சாட்சி அது. நான் ஒருவருக்கும் விளங்காதபடி ஏதோ கிறுக்கிவிட்டு நழுவினேன்.

அண்ணை குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப்பெயரையும் எழுதினார்.

“அண்ணை, என்ன செய்யிறியள்? விசரே உங்களுக்கு?”

அவர் நிமிரவில்லை. தன் பெயருக்குக் கீழே மனைவியின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே மூத்தவளின் பெயர். பிறகு இளையவளின் பெயர்.

“இதை நான் மட்டும் தனியப் பாத்தனான் எண்டு எழுத மனம் வரேல்லை, தம்பி” என்றார்.